பரண் மேல் இருக்கும் தீப்பெட்டிப் படங்கள்: விஜயாவுக்கு ஒரு கடிதம்

பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் கிடைத்தது. படித்த கையோடு போன் போட்டிருப்பேன், ஆனால் போனில் பேசினால் அம்மா பக்கத்தில் இருப்பார்கள், நீயும் 'சரி சரி' என்று சீக்கிரம் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். முதலில் ஒன்று. உன் அப்பா தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்து வைத்த அந்த டிரங்குப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதே. அவருடைய வருஷத் தெவசம் முடிந்து பரணை ஒழிக்கிறீர்கள், வீட்டில் இடம் இல்லை, அதைப் பார்த்தாலே அம்மாவுக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது, எல்லாம் புரிகிறது. இருந்தாலும் போடாதே.

இங்கே எல்லாரும் சுகம். பெரியவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, தினமும் மெட்ரோவில் போய் வருகிறாள். தீபாவளி நெருங்குவதால் எம்.சி. ரோடு பக்கம் கால் வைக்க முடியவில்லை. என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. அது கிடக்கட்டும், உன் கேள்விக்கு வருகிறேன்.

"வீட்டில் நாலு வார்த்தை பேசாத மனுஷன், கல்யாணம் காட்சி என்றால்கூட ஓரமாக நிற்பவர், இத்தனை தீப்பெட்டிப் படத்தை நோட்டு நோட்டாக ஒட்டி வைத்திருக்கிறாரே, இது என்ன பைத்தியம்?" என்று கேட்டிருக்கிறாய். நீ அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரஷ்ய எழுத்தில் ராக்கெட் படம் போட்ட ஒரு பக்கம், ஜப்பான் படங்கள், செக்கோஸ்லோவாகியா என்று ஓரத்தில் அப்பா பென்சிலால் எழுதிய ஒரு பக்கம். அப்பாவுக்கு வேலை துறைமுகத்தில். கப்பல் வந்தால் சரக்கு எண்ணிக்கை எடுக்கிற குமாஸ்தா. அவருக்கோ பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. அப்படியென்றால் அந்த ஒவ்வொரு பெட்டியையும் அவர் யாரோ ஒரு மாலுமியிடம் போய்க் கேட்டுத்தான் வாங்கியிருக்க வேண்டும், இல்லையா? பாஷை தெரியாத ஆளிடம், கையைக் காட்டி, சிரித்து, பதிலுக்கு நம்ம ஊர்ப் பெட்டி ஒன்றைக் கொடுத்து. அதைத்தான் நேற்று ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பேசாத மனுஷன் வெளியே அத்தனை பேரோடு பேசியிருக்கிறார், அதற்கான சாட்சி உன் பரண் மேல் இருக்கிறது.

அந்த ராக்கெட் படம் சும்மா அழகுக்குப் போட்டதில்லை, தெரியுமா? சோவியத் காலத்தில் விண்வெளிப் பெருமை, சாலைப் பாதுகாப்பு, காட்டுத்தீ எச்சரிக்கை என்று அரசாங்கம் மக்களுக்குச் சொல்ல நினைத்ததை எல்லாம் தீப்பெட்டி மேல்தான் அச்சடித்தார்கள், எல்லார் வீட்டு அடுப்படிக்கும் போகிற காகிதம் அதுதானே. நம்ம பக்கமும் தீப்பெட்டிக்குக் கதை உண்டு. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும்தான் நமக்குத் தீப்பெட்டி வந்தது, ஜப்பான்காரர்கள் நம்ம சாமி படங்களைப் போட்டே இங்கே அனுப்பினார்கள். 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதற்கப்புறம் லேபிள் அச்சடிக்க வேண்டிய தேவையிலிருந்தே சிவகாசியில் அச்சுத் தொழிலும் வளர்ந்தது. நம்ம விம்கோ நகரையே எடுத்துக்கொள், ஸ்வீடன்காரர்கள் நடத்திய தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர்தான் அது. என் சித்தப்பா அங்கே வேலை பார்த்தவர். 2021-ல் மெட்ரோ அதுவரைக்கும் நீண்டபோது, பலகையில் அந்தப் பெயரைப் பார்க்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தீப்பெட்டிக் கம்பெனி என்று தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அதே வருஷம் டிசம்பரில்தான் ஒரு ரூபாய்த் தீப்பெட்டி இரண்டு ரூபாய் ஆனது.

இப்போது உனக்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. அச்சகத்து அண்ணன் அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி அச்சுக் கோர்த்த கம்பாசிட்டர், இப்போது மகன் கம்ப்யூட்டரில் செய்கிறான், அவர் புரூஃப் மட்டும் பார்க்கிறார். அவர் சேர்ப்பது என்ன தெரியுமா? கருமாதிப் பத்திரிகை. கல்யாணப் பத்திரிகையை ஜனங்கள் வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள், கருமாதிப் பத்திரிகையை யாராவது வீட்டுக்குள் வைப்பார்களா? வாசலில் வாங்கிப் படித்துவிட்டு அங்கேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். அண்ணன் அச்சடித்த ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை எடுத்து வைத்துவிடுகிறார். அண்ணி வீட்டுக்குள் விடவில்லை, அதனால் எல்லாம் அச்சகத்துப் பின்கட்டில், பிஸ்கட் டின்களில், வருஷ வாரியாக.

போன மாதம் விசிட்டிங் கார்டு அடிக்கப் போனபோது ஒரு டின்னைத் திறந்து காட்டினார். ஓரத்தில் கறுப்புக் கரை போட்ட மெல்லிய அட்டைகள், சில பழுப்பேறி, சிலவற்றில் அச்சு மை இன்னும் கறுகறுவென்று. கட்டை விரலால் தடவினால் பழைய அட்டைகளில் எழுத்து பதிந்த பள்ளம் தெரிகிறது. அவர் இரண்டு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் அட்டையில் ஒரு பெரியவர் தவறிப்போயிருக்கிறார், கீழே 'இப்படிக்கு' என்று மகன்கள் பெயர் வரிசையாக. இரண்டாவது பல வருஷம் கழித்து வந்தது, அந்த வரிசையில் மூன்றாவதாக இருந்த பெயர் இதில் மேலே வந்துவிட்டது, படத்தோடு. கீழே புதுசாக வேறு பெயர்கள். "இந்தக் குடும்பத்துக்கு மூணு தலைமுறையா நான்தான் அடிக்கிறேன்" என்றார். எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை.

ஏன் சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். "அந்த ஆளு பேரு கடைசியா முழுசா அச்சேறுவது இதிலதான்மா. அதையும் கிழிச்சிட்டா அப்புறம் என்ன இருக்கு" என்றார். நான் அங்கே இருக்கும்போதே மீஞ்சூரிலிருந்து ஒரு பெண் வந்தது. அப்பா இறந்தபோது அதற்கு விவரம் தெரியாத வயசு, அம்மாவும் போய்விட்டார்கள், திதி கொடுக்க வேண்டும், தேதி தெரியவில்லை, யாரோ இந்த அண்ணனைக் கேட்டுப் பாரு என்று அனுப்பியிருக்கிறார்கள். எந்தத் தெருவில் குடியிருந்தீர்கள், எந்த முதலமைச்சர் காலம் என்று ஏதேதோ கேட்டுக்கொண்டே இரண்டு டின்னைப் புரட்டினார், எடுத்துவிட்டார்! அந்தப் பெண் அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொண்டது, அப்புறம் அப்பா பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரும் மகள் என்று அச்சாகியிருப்பதைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அண்ணன் டீ வாங்கிவரச் சொன்னார்.

இதைப் பார்த்ததிலிருந்துதான் எனக்குள் ஓர் எண்ணம் ஓடிக்கொண்டிருக்கிறது, உன் கடிதமும் சரியாக அப்போது வந்தது. விசித்திரமாக எதையாவது சேர்க்கிறவர்களைப் பற்றி நாம் பேசும்போது பொருளை மட்டுமே பார்க்கிறோம். அந்தப் பொருளை வைத்துக்கொண்டு அவர்கள் மனுஷர்களிடம் போகிறார்கள், அல்லது போய்விட்ட மனுஷரைப் பிடித்து வைக்கிறார்கள். புனேயில் ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது. தினகர் கேல்கர் கவிதை எழுதியவர். 'ராஜா' அவர் பெயர் இல்லை, சின்ன வயதிலேயே இறந்துபோன அவருடைய மகன் பெயர். அந்த மகன் நினைவாக ஊர் ஊராகப் போய் விளக்கு, பாக்குவெட்டி, மைக்கூடு, சீப்பு, கால் தேய்க்கிற கல் என்று சாதாரண ஜனங்கள் வீட்டுச் சாமான்களாக 20,000-க்கும் மேல் சேர்த்தார், கடைசியில் எல்லாவற்றையும் அரசாங்கத்துக்கே கொடுத்துவிட்டார். ஒரு பாக்குவெட்டிக்காக எத்தனை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கதை கேட்டிருப்பார், யோசித்துப் பார். துருக்கியில் அவானோஸ் என்ற ஊரில் ஒரு குயவர், 1979-ல் ஊரை விட்டுப் போன ஒரு சிநேகிதி நினைவுக்கு விட்டுச்சென்ற முடிக் கற்றையில் ஆரம்பித்து, வந்து போகிற பெண்கள் எல்லாரும் கொஞ்சம் முடியும் பெயர் எழுதிய சீட்டும் விட்டுப் போக, இப்போது 16,000-க்கும் மேல் குகை முழுக்கத் தொங்குகிறதாம். எனக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் அந்த முதல் கற்றை எதற்காக வைக்கப்பட்டது என்பது புரிகிறது.

ஆசை முற்றிப்போவதும் உண்டு, அதை மறுக்கவில்லை. டார்வின் மாணவராக இருந்தபோது வண்டு பிடிக்கிற பித்து. கைக்கு ஒன்றாக இரண்டு அபூர்வ வண்டுகள், எதிரே மூன்றாவது ஒன்று தெரிகிறது, விட மனசில்லை, ஒரு வண்டை வாயில் போட்டுக்கொண்டார். அது நாக்கு எரிகிற மாதிரி ஒரு திரவத்தைப் பீய்ச்ச, துப்ப வேண்டியதாகிவிட்டது, மூன்றாவதும் தப்பிவிட்டது. அந்தப் பித்து இல்லாமல் அந்த மனுஷர் பின்னால் அவ்வளவு தூரம் போயிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

அம்மா இதை ஒரு வியாதி என்று சொன்னதாக எழுதியிருந்தாய். வியாதி என்று ஒன்று இருக்கிறது, நிஜம்தான். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் அதைத் தனி நோயாகவே சேர்த்தார்கள், எதையும் தூக்கிப் போட முடியாமல் வீடு புழங்க முடியாத அளவுக்கு அடைந்துபோவது. நியூயார்க்கில் காலியர் என்று இரண்டு சகோதரர்கள், அண்ணனுக்குக் கண் போய்விட்டது, பார்வை திரும்பினால் படிப்பார் என்று தம்பி வருஷக்கணக்கில் செய்தித்தாள்களைச் சேர்த்து வைத்தார். ஜன்னல்களை அடைத்து, யாரையும் உள்ளே விடாமல் வாழ்ந்தார்கள். 1947-ல் தம்பி மேல் அந்தக் குவியலே சரிந்து அவர் இறந்தார், சோறு போட ஆளில்லாமல் அண்ணனும் போய்விட்டார். அந்த வீட்டிலிருந்து 100 டன்னுக்கும் மேல் சாமான்களை அள்ளினார்கள். அந்தத் தம்பியின் பாசத்தை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் உன் அப்பா அப்படியா இருந்தார்? ஒரே ஒரு டிரங்குப் பெட்டி, நோட்டு, ஒவ்வொரு படத்துக்கும் கீழே நாடு, கப்பல், தேதி. யாரையும் உள்ளே விடாமல் கதவை அடைத்தவர் இல்லை அவர், கப்பல் கப்பலாக ஏறிப் போய்க் கேட்டவர். அம்மாவிடம் இதை நிதானமாகச் சொல், கோபப்பட மாட்டார்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? நோட்டுகளை வெயிலில் காய வைக்காதே, நிழலில் விரித்துக் காற்றாட விடு. பிய்ந்து வந்த படங்களைச் செலோ டேப் போட்டு ஒட்டாதே, கொஞ்ச நாளில் மஞ்சளாகிக் காகிதத்தையே தின்றுவிடும். லேமினேஷன் கூடவே கூடாது, திரும்ப எடுக்க வழியே இல்லை. தண்ணீரில் ஊறப் போட்டுப் பிரிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், அப்பா கையெழுத்து இருக்கிற பக்கத்தை ஊறப் போட்டால் எல்லாம் போச்சு. பக்கங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வை, நீ ஏதாவது குறிக்க வேண்டுமென்றால் பென்சிலில் குறி. அப்புறம் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் நேராகப் படம் எடுத்து வை.

கடைசிவரை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்றாலும் வழி இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையாவை உனக்கு ஞாபகமிருக்கும், விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர், கிடைத்த பணத்தை எல்லாம் பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், அழைப்பிதழ் என்று வாங்கியே கொட்டியவர். 1992-ல் அவர் காலமானபோது அது அப்படியே சிதறிப் போயிருக்க வேண்டியது, சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தமாக வாங்கி, இங்கேயே சென்னையில் இருக்கட்டும் என்று விட்டது, 1994-ல் நூலகமானது. இப்போது தரமணியில் இருக்கிறது. இன்றைக்குத் தமிழில் ஆராய்ச்சி செய்கிற எத்தனையோ பேர் அந்த ஒரு மனுஷர் வீட்டு அலமாரியிலிருந்துதான் படிக்கிறார்கள். உன் அப்பா சேர்த்தது அந்த அளவு இல்லைதான். ஆனால் எந்த வருஷம் எந்த நாட்டுக் கப்பல் நம்ம துறைமுகத்துக்கு வந்தது, அதில் வந்தவன் சட்டைப் பையில் எந்தப் பெட்டி இருந்தது என்று எழுதி வைத்த ஆள் வேறு யார் இருக்கிறார்கள்? நீ வரும்போது அங்கே போய் விசாரிப்போம். கொடுக்க வேண்டுமா என்று அப்போது முடிவு செய்யலாம், அவசரமில்லை.

அச்சகத்து அண்ணனிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். "ராயபுரத்துல இருந்தவரா, ஹார்பர்ல வேலையா?" என்று கேட்டுவிட்டு, அந்த நோட்டை ஒரு தடவை தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறார். பொங்கலுக்கு வருகிறாய் இல்லையா, பெட்டியை லாரியில் போடாதே, ரயிலில் உன் கூடவே கொண்டு வா. எந்த வண்டி என்று சொன்னால் பெரியவளை ஸ்டேஷனுக்கு அனுப்புகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம். சின்னவனுக்குப் பரீட்சை எப்படிப் போனது என்று எழுதவே இல்லையே, அதையும் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
கலா