சோற்றுக்குக் கைம்மாறு கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. ஊர்ப் பிரமுகர் ஒருவர் தன் பிறந்தநாளுக்குப் பெண் குழந்தைகள் இல்லம் ஒன்றில் பிரியாணி கொடுத்த செய்தி. அவர் கேக் வெட்டுகிறார், பின்னால் பிள்ளைகள் கை தட்டிக்கொண்டு நிற்கிறார்கள், எல்லோர் முகமும் தெளிவாகத் தெரிகிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74ஆம் பிரிவு, இப்படிப்பட்ட குழந்தைகளின் அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இல்லையென்றால் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். இனிமேல் அந்த மாதிரிப் படங்களைப் போடாதீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நான் எழுத வந்தது அந்தப் பிள்ளைகளின் சாப்பாட்டு நேரத்தைப் பற்றி.

தென் மாவட்டங்களில் பெண் குழந்தைகள் இல்லங்களில் பல வருடம் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சாப்பாட்டுக் கூடம்தான் ஓர் இல்லத்தின் குணத்தைக் காட்டும் இடம் என்பது என் அனுபவம். கட்டடம் புதிதாக இருக்கலாம், பதிவேடு சுத்தமாக இருக்கலாம், மணி அடித்ததும் பிள்ளைகள் எப்படி வந்து உட்காருகிறார்கள் என்று பார்த்தால் போதும், மற்றதெல்லாம் தெரிந்துவிடும்.

காலை ஏழரைக்கு டிபன். தட்டும் டம்ளரும் எடுத்துக்கொண்டு வரிசையில் வர வேண்டும், சின்னவர்கள் முதலில், பிரார்த்தனை முடிந்ததும் சாப்பாடு. மதியம் பெரும்பாலும் பள்ளிச் சத்துணவு, அல்லது கட்டிக்கொடுக்கிற டப்பா. சாயங்காலம் டீயும் சுண்டலும். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு. கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் இதுதான் நடைமுறை. அறுபது பிள்ளைகள் ஒன்றாக இருக்கும் இடத்தில் ஒழுங்கு இல்லாமல் முடியாது, அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கை கழுவிவிட்டுத்தான் உட்கார வேண்டும், சமைத்ததைப் பெரியவர் ஒருவர் ருசி பார்த்த பிறகுதான் பரிமாற வேண்டும், வெளியிலிருந்து வரும் சமைத்த உணவைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. இந்த விதிகளில் ஒன்றைக்கூடத் தளர்த்தக் கூடாது. 2022 அக்டோபரில் திருப்பூர் பக்கம் ஒரு தனியார் இல்லத்தில் இரவு சாப்பிட்ட பிறகு வாந்தியும் பேதியுமாகி மூன்று சிறுவர்கள் இறந்துபோனதை நாம் மறந்துவிட முடியாது.

நான் குறை சொல்வது வேறு வகை விதிகளை. போர்வையை மடிக்காதவளுக்குக் காலை டிபன் கிடையாது. எதிர்த்துப் பேசினவள் எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும் வரை முட்டி போட்டு நிற்க வேண்டும். வீட்டுப்பாடம் முடிக்காதவளுக்கு இரண்டாம் முறை சோறு கிடையாது. சாப்பிடும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. தட்டில் வைத்ததை அழுதுகொண்டாவது முழுசாகத் தின்றுதான் எழுந்திருக்க வேண்டும். இவை எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை, ஆனால் இல்லத்தில் இருந்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் ஒன்றிரண்டாவது சொல்வாள். "கண்டிப்பு இல்லன்னா மேய்க்க முடியாது" என்று ஊழியர்கள் சொல்வார்கள். சரி, கண்டிக்கட்டும், பேசிப் பார்க்கட்டும், கவுன்சலிங் தருகிற ஆற்றுப்படுத்துநரிடம் அனுப்பட்டும், டிவி பார்க்கும் நேரத்தைக்கூடக் குறைக்கட்டும். சோற்றில் கை வைக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தப் பிள்ளைகளில் பலர் பசியிலிருந்து வந்தவர்கள். குடித்துவிட்டு வந்து சட்டியைக் கவிழ்க்கிற அப்பா, அம்மா இறந்த பிறகு சித்தப்பா வீட்டில் கடைசியாக மிஞ்சியது மட்டும் கிடைத்த வாழ்க்கை, கூலி வேலைக்குப் போன இடத்தில் வேலை முடிந்தால்தான் சாப்பாடு என்ற நிபந்தனை. புதிதாக வந்த பிள்ளை முதல் வாரங்களில் இட்லியைத் தாவணிக்குள்ளோ தலையணை உறைக்குள்ளோ ஒளித்து வைப்பதைப் பார்க்காத வார்டன் இருக்க மாட்டார். எறும்பு வந்த பிறகுதான் தெரியும். அதைத் திருட்டு என்று சொல்லி எல்லோர் முன்னாலும் நிறுத்துகிற இடங்கள் இருக்கின்றன. அது திருட்டே இல்லை, நாளைக்கும் சோறு வரும் என்ற நம்பிக்கை அவளுக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். அந்த மாதிரிப் பிள்ளையிடம், மூடி போட்ட டப்பாவில் கொஞ்சம் பொரிகடலையும் ஒரு வாழைப்பழமும் கொடுத்து, "இது உன்னோடது, எப்ப வேணும்னாலும் சாப்பிடு, தீர்ந்தா வந்து கேளு" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு மாதம் போனால் டப்பாவைத் தானாகவே மறந்துவிடுவாள். அவளையே ஒரு வேளை பட்டினி போட்டுத் திருத்தப் பார்த்தால், அவள் பயந்தது சரிதான் என்று நாமே நிரூபித்துக் காட்டுகிறோம்.

அடுத்தது சமையல் டூட்டி. பையன்கள் இல்லத்திலும் தட்டு கழுவுவார்கள், கூடம் பெருக்குவார்கள். ஆனால் நான் பார்த்த பெண்கள் இல்லங்களில் காய் நறுக்குவது, மாவு ஆட்டுவது, பெரிய அண்டாவைத் தேய்ப்பது, சின்னவர்களுக்குப் பரிமாறுவது எல்லாம் ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தலையில் விழும். "நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போற பொண்ணுதானே, பழகட்டும்" என்பார்கள். சமையல்காரர் பணியிடம் காலியாக இருப்பதை நிரப்பாமல் அதற்குப் பழக்கம் என்று பெயர் வைப்பது நியாயமே இல்லை. விருப்பப்பட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு பலகாரம் செய்யக் கற்றுக்கொள்வது வேறு, பரீட்சை நாளில் விடியற்காலை எழுந்து நாற்பது பேருக்குச் சட்னி அரைப்பது வேறு.

நன்கொடையாளர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அவர்கள் மனசு நோகாமல். நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள், அவர்கள் இல்லையென்றால் பல இல்லங்கள் நடக்காது. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 3,000 ரூபாய்தான் கணக்கு, அதற்குள் சாப்பாடு, துணி, சோப்பு, எண்ணெய் எல்லாம் அடக்கம், அதுவும் கிடைக்காத தனியார் இல்லங்கள் நிறைய. ஆனால் ஒரு மணிக்குச் சாப்பாடு என்று சொல்லிவிட்டு விருந்தினர் இரண்டரைக்கு வந்தால் பிள்ளைகள் அதுவரை காத்திருக்கிறார்கள், அப்புறம் வாழ்த்துப் பாட்டு, நன்றிப் பாட்டு, அந்தக் குடும்பத்துக்காக ஒரு பிரார்த்தனை, வரிசையாக போட்டோ, பிரியாணி ஆறிப்போகிறது. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள், "மிஸ், ஸ்கூல்ல சத்துணவு சாப்பிடுறப்ப யாருக்கும் பாட்டுப் பாடச் சொல்ல மாட்டாங்க, இங்க மட்டும் ஏன்?" என்று. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கொடுக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே பணமாகவோ மளிகையாகவோ கொடுக்கலாம். ஒரே ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் பிரியாணி கொடுப்பதைவிட, செவ்வாய்க்கிழமை இரவுக்கு ஆளுக்கொரு முட்டையும் கீரையும் போகும்படி செய்வது அந்தப் பிள்ளைகளின் உடம்புக்கு நல்லது.

உடம்பு என்றதும் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. இல்லத்துப் பிள்ளைகளின் நிலை இதைவிட நன்றாக இருக்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. இளைஞர் நீதிச் சட்டத்துக்காக மத்திய அரசு போட்ட 2016 மாதிரி விதிகள் ஒரு நாளைக்கு நான்கு வேளை உணவு என்கின்றன. ஒரு குழந்தைக்கு அரிசி, கோதுமை, கேழ்வரகு எல்லாம் சேர்த்து 600 கிராம், 16 வயதுக்கு மேல் 700 கிராம், பருப்பு வகை 120 கிராம், கீரை 100 கிராம், மற்ற காய் 130 கிராம், காலையில் பால் 150 மில்லி என்று அளவே போட்டிருக்கிறார்கள். நன்றாக நடந்துகொண்டால் என்ற நிபந்தனை அதில் எங்கேயும் இல்லை. ஆனால் நடப்பில், மதியம் பள்ளியில் முட்டை போட்டார்களே என்று இரவுக்கு வெறும் ரசம் சாதமும் அப்பளமும் வருகிறது.

அதுவும் ஏழு மணிக்கே. சமையல் செய்யும் அக்காவுக்குக் கடைசி பஸ் எட்டு மணிக்கு, அதனால் ஏழு. அப்புறம் பத்து மணி வரை படிப்பு, மறுநாள் ஏழரை வரை வயிற்றுக்கு ஒன்றும் கிடையாது. பன்னிரண்டரை மணி நேரம். வளர்கிற வயது, மாதாமாதம் ரத்தம் போகிற வயது, பொதுத்தேர்வு எழுதுகிற வயது. நம் வீட்டுப் பெண் ஒன்பதரைக்குப் பசிக்கிறது என்றால் தோசை வார்த்துத் தருகிறோம் இல்லையா? இங்கே சமையலறைக்குப் பூட்டு போட்டாகிவிட்டது. படுக்கப் போகுமுன் ஒரு டம்ளர் பாலோ கேழ்வரகுக் கஞ்சியோ, இரண்டு வேர்க்கடலை உருண்டையோ கொடுப்பதற்குப் பெரிய செலவு ஆகாது, இரவுப் பணியில் இருப்பவரே எடுத்துக் கொடுக்கலாம். மாதவிலக்கு வலியில் சுருண்டு கிடக்கிறவளுக்குத் தட்டை அறைக்கே கொண்டுபோய்க் கொடுக்கவும் யாருடைய அனுமதியும் தேவைப்படக் கூடாது.

இதையெல்லாம் பிள்ளைகளிடமே கேட்டால் சொல்லிவிடுவார்கள். அதற்கும் விதி இருக்கிறது. ஒவ்வோர் இல்லத்திலும் 6-10, 11-15, 16-18 என மூன்று வயதுப் பிரிவாகக் குழந்தைகள் குழு அமைக்க வேண்டும், அன்றாட நடைமுறையையும் உணவுப் பட்டியலையும் தயாரிப்பதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. பல இடங்களில் அந்தக் குழு நோட்டில் கையெழுத்தாக மட்டும் இருக்கிறது. நான் இருந்த ஓர் இல்லத்தில் உண்மையாகவே கூட்டிக் கேட்டபோது பிள்ளைகள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. உப்புமாவை வாரத்தில் ஒரு நாளாகக் குறையுங்கள், சாப்பிடும்போது மெதுவாகப் பேசிக்கொள்கிறோம், தோழி பக்கத்தில் உட்கார விடுங்கள். அவ்வளவுதான்.

கடைசியாக மாவட்ட நிர்வாகத்துக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 54ஆம் பிரிவுப்படி ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வோர் இல்லத்துக்கும் போக வேண்டும், குறைந்தது மூன்று பேர், அதில் ஒருவர் பெண், ஒருவர் மருத்துவ அலுவலர். என் காலத்தில் அவர்கள் பெரும்பாலும் பகல் பதினொரு மணிக்கு வருவார்கள், அப்போது பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள், பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இனி இரவு ஏழு மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல் வரட்டும். பிள்ளைகளோடு உட்கார்ந்து அன்றைக்கு என்ன சமைத்தார்களோ அதையே சாப்பிடட்டும், ஊழியர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு பேசட்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் கூடத்துச் சுவரில் சின்னப் பிள்ளை கண்ணுக்கும் தெரிகிற உயரத்தில் எழுதியிருக்கிறதா, அதற்குப் பேச ஒரு போன் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இல்லக் காப்பாளர்,
தென்காசி மாவட்டம்.