பில்லியர்ட்ஸ் ஆடும் பிள்ளைகள்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவத்தில் என் அறைக்கு வந்த பெற்றோரில் மூன்று பேர் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் பேசினார்கள். பள்ளி விட்டதும் பிள்ளை பில்லியர்ட்ஸ் ஆடப் போய்விடுகிறான், நீங்கள்தான் தடுக்க வேண்டும் என்றார்கள் இருவர். மூன்றாமவர், பள்ளியிலேயே ஒரு மேசை வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்டார். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லாருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எனக்கு இது முதலில் தெரியவந்தது ஒரு விடைத்தாளில். கணக்குத் தேர்வுத் தாளின் ஓரத்தில் நீலமாக ஒரு பெருவிரல் ரேகை பதிந்திருந்தது. மை என்று நினைத்துத் தொட்டேன், தூளாக ஒட்டிக்கொண்டது. பில்லியர்ட்ஸில் பந்தை அடிக்கிற 'க்யூ' குச்சியின் நுனியில் தேய்க்கிற சாக் அது. நம் கரும்பலகைச் சாக்பீஸுக்கும் அதற்கும் பெயர்தான் ஒன்று. சிலிக்காவும் சாணைத்தூளும் கலந்து செய்கிறார்கள். தேய்க்காமல் அடித்தால் குச்சி பந்தின் மேல் வழுக்கிவிடும். இத்தனை வருடமாக வெள்ளைச் சாக்பீஸோடு காலம் தள்ளியவளுக்கு இந்த நீலச் சாக்கின் மேல் ஓர் ஆவல் வந்தது. பையனைக் கூப்பிட்டுத் திட்டுவதற்கு முன்னால், அவன் ஆடுகிற இடத்துக்கு ஒரு மாலை நானே போனேன். என்னைப் பார்த்ததும் பாதிப் பேர் காணாமல் போனார்கள். சரி, அது எதிர்பார்த்ததுதான்.

பிள்ளைகள் ஆடுவது பெரும்பாலும் 'எய்ட் பால்', பில்லியர்ட்ஸில் 'பூல்' என்கிற வகையைச் சேர்ந்த ஆட்டம். மேசையில் ஆறு குழிகள், குச்சியால் அடிக்க ஒரு வெள்ளைப் பந்து, அது மோதிக் குழிக்குள் தள்ள எண் போட்ட பதினைந்து பந்துகள். ஒருவருக்கு 1 முதல் 7 வரை முழுநிறப் பந்துகள், மற்றவருக்கு 9 முதல் 15 வரை பட்டை போட்டவை. தன் ஏழையும் குழிக்குள் போட்டபின் கறுப்பு நிற எட்டாம் பந்தைப் போட்டவர் ஜெயித்தார். அவசரப்பட்டு முன்கூட்டியே அதைப் போட்டவர் தோற்றார்.

அன்றைக்கு நம் பையன் மேசை மேல் எக்கிப் படுத்துக் குறிபார்த்துக்கொண்டிருந்தான். சட்டைக் கை வெள்ளைப் பந்தை லேசாக உரசியது. எதிராளி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், நடுவர் என்று யாரும் கிடையாது. இவனே நிமிர்ந்து, "ஃபவுல்டா, பட்டுடுச்சு" என்று சொல்லி வெள்ளைப் பந்தை எடுத்து அவன் கையில் கொடுத்தான். ஃபவுல் ஆனால் எதிராளி அந்தப் பந்தை மேசையில் எங்கே வேண்டுமானாலும் வைத்து ஆடலாம் என்பது விதி. வைத்தான், அடுத்தடுத்துப் போட்டான், ஆட்டமே முடிந்துவிட்டது. வீட்டுப்பாடம் எழுதாததற்கு வாரம் ஒரு கதை சொல்கிற பையன் இவன். அந்த ஒரு நிமிடத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனித்தேன். எதிராளி ஆடும்போது இவன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பந்தைத் தடுக்க முடியாது, குறுக்கே விழ முடியாது. நன்றாக ஆடுகிறவர் கையில் மேசை போய்விட்டால், தன் முறை திரும்ப வராமலே தோற்கக்கூடும். ஐந்து நிமிடம் ஓர் இடத்தில் உட்கார வைக்க நாங்கள் வகுப்பில் படுகிற பாடு உங்களுக்குத் தெரியும்.

கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டத்தளத்தின் நீளம் அகலத்தைப் போல் சரியாக இரண்டு மடங்கு. பந்தின் விட்டம் சுமார் 5.7 சென்டிமீட்டர், பெரிய மேசைகளின் மூலைக் குழி அதைப் போல் இரண்டு மடங்கு அகலம்தான். ஆறடி தள்ளியிருக்கிற குழிக்குப் போக வேண்டிய பந்து ஒரே ஒரு பாகை விலகினால், போய்ச் சேரும்போது மூன்று சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். குழியின் விளிம்பில் இடித்துத் திரும்பும். பாகைமானியில் ஒரு பாகை என்றால் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கிற பிள்ளைகளுக்கு அங்கே பதில் கிடைக்கிறது. சுழற்சி இல்லாமல் பக்கவாட்டில் மோதினால் இரண்டு பந்துகளும் ஏறக்குறையச் செங்கோணத்தில் பிரிகின்றன. ஓரத்தில் பட்டுத் திரும்பும்போது மட்டும் பாடப்புத்தகத்தில் உள்ள மாதிரி பட்ட கோணத்திலேயே திரும்புவதில்லை. வேகமும் சுழற்சியும் சேர்ந்து அதை மாற்றிவிடுகின்றன. சுழலும் பூமியில் காற்றின் திசையை விலக்குகிற கொரியாலிஸ் விசைக்குப் பெயர் தந்த பிரெஞ்சு அறிஞர் கொரியாலிஸ் 1835-இல் பில்லியர்ட்ஸின் கணிதத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆனால் தயவுசெய்து இதையெல்லாம் படித்துவிட்டு, ஆடினால் கணக்கில் மதிப்பெண் ஏறும் என்று நம்பிவிடாதீர்கள். அந்த நீல ரேகைத் தாளின் மதிப்பெண்ணை நான் சொல்லப்போவதில்லை.

உடல் பலம் வேண்டாத ஆட்டம் என்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. விளையாட்டு வேளையில் எப்போதும் ஓரத்தில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிற, காலில் குறையுள்ள மாணவன் ஒருவன் நம்மிடம் இருக்கிறான். அந்த மேசையில் அவனை ஜெயிக்க ஆள் இல்லையாம்.

அதே காரணத்தால்தான் இதை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்கவும் முடியாது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஆட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மேசையைச் சுற்றி நடப்பது அதில் வராது. மணிக்கணக்கில் ஒரே பக்கமாகக் குனிந்து நின்றால் முதுகும் கழுத்தும் பிடித்துக்கொள்ளும்.

இதெல்லாம் சின்ன விஷயம். என்னைத் தூங்கவிடாதது பணம். 'பூல்' (pool) என்கிற இந்த ஆட்டத்தின் ஆங்கிலப் பெயரே, எல்லாரும் போட்டுச் சேர்க்கிற பந்தயத் தொகையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அமெரிக்காவில் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டுகிற கூடங்களில், முடிவு வரும்வரை பொழுதுபோக்க இந்த மேசைகளைப் போட்டு வைத்தார்கள். அந்தக் கெட்ட பெயர் இன்றும் முழுதாகக் கழுவப்படவில்லை. பிள்ளைகளிடம் அது ஒரு சாதுவான ஏற்பாடாக வந்து சேர்கிறது: "தோற்றவன் மேசை வாடகை கொடுக்கணும்." நண்பர்களுக்குள் என்ன இருக்கிறது என்று தோன்றும். அப்புறம் வாடகையோடு கொஞ்சம் கூடுதல். அப்புறம் பெரியவர் ஒருவர் வந்து முதல் இரண்டு ஆட்டம் வேண்டுமென்றே தோற்பார், பந்தயத்தை ஏற்றுவார், மூன்றாவதில் தன் கையைக் காட்டுவார். இது மிகப் பழைய வித்தை. பிள்ளைக்கு அன்றுதான் புதிது. ஜெயித்த பணமோ தோற்ற பணமோ, வீட்டில் சொல்ல முடியாத பணம் ஒன்று பையில் வந்துவிட்டால் பொய்யும் கூடவே வரும்.

அதனால் எங்கே, எவ்வளவு நேரம் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். வாடகையை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று கேளுங்கள். சமமாகப் பிரித்துக்கொள்கிறோம் என்றால் நல்லது. பதில் சொல்லத் தயங்கினால் அங்கேயே உட்கார்ந்து பேசுங்கள். புகைபிடிக்கிற, மது விற்கிற இடம் என்றால் பேச்சே வேண்டாம். இந்த வயதில் வாரத்துக்கு இரண்டு மாலை போதும் என்பது என் கணிப்பு. தேர்வு வாரத்தில் அதுவும் வேண்டாம்.

பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரெயஸ், சிறுவயதில் மாமாவின் பில்லியர்ட்ஸ் கூடத்திலேயே வளர்ந்து 1999-இல் பூலின் இன்னொரு வகையான நைன் பால் ஆட்டத்தில் உலகச் சாம்பியன் ஆனவர். உங்கள் பிள்ளை இவரை உதாரணம் காட்டக்கூடும், அந்தப் பையன் என்னிடம் காட்டினான். உண்மைதான். அந்த மாதிரிக் கூடங்களில் வளர்ந்து பெயர் தெரியாமல் போனவர்களைப் பற்றியும் கேட்டேன். பதில் இல்லை.

மேசை வாங்குவது பற்றி: இப்போதைக்கு இல்லை. இரண்டு பேர் ஆட, ஒரு வகுப்பே சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும். அந்தப் பணத்துக்குப் பந்துகள் வாங்கினால் எல்லாரும் ஓடுவார்கள். ஆனால் மோதல், உந்தம் பாடம் நடத்தும் வாரத்தில் மேல்வகுப்பு மாணவர்களை ஒரு மேசைக்கு அழைத்துப் போக இயற்பியல் ஆசிரியர் அனுமதி கேட்டிருக்கிறார், கொடுத்துவிட்டேன். அன்றைக்கு அடித்துக் காட்ட ஆள் வேண்டும். அவருக்குக் குச்சி பிடிக்கவே தெரியாது. ஆடத் தெரிந்த அப்பா, அம்மா யாராவது இருந்தால் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்