லைசென்ஸ் கணக்கை அப்படியே தலைப்பாகப் போடலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு மென்பொருள் நிறுவனம் இத்தனை கோடி லைசென்ஸ் விற்றுவிட்டதாகச் சொன்னதை அப்படியே தலைப்புச் செய்தியாகப் போட்டிருக்கிறீர்கள். யாருக்கு விற்றது, அதில் எத்தனை கணினியில் இன்றைக்கு ஓடுகிறது என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு அந்த எண்ணில் நம்பிக்கை வரவில்லை.

விண்டோஸ் 8 வந்த நேரம் ஞாபகம் இருக்கும். 2012 அக்டோபர் கடைசியில் வெளியானது, ஒரே மாதத்தில் 4 கோடி லைசென்ஸ் விற்றதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது, ஜனவரியில் அது 6 கோடி ஆனது, 2013 மே மாதத்தில் 10 கோடி. ஆனால் கணினி தயாரிக்கும் கம்பெனிகளுக்கு விற்ற லைசென்ஸும் அதில் சேர்த்தி. அந்தக் கணினி பெட்டியோடு கிடங்கில் கிடந்தாலும் கணக்கில் ஏறிவிடும். அதே 2013-இன் முதல் மூன்று மாதத்தில் உலக அளவில் கணினி விநியோகம் முந்தைய ஆண்டைவிட 13.9 சதவீதம் சரிந்ததாக ஐடிசி என்ற சந்தை ஆய்வு நிறுவனம் சொன்னது. இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும்.

அப்போது எங்கள் அலுவலகத்துக்கு 30 புதுக் கணினிகள் வந்தன, எல்லாமே விண்டோஸ் 8-இன் ப்ரோ பதிப்பு. ப்ரோ லைசென்ஸ் இருந்தால் பழைய விண்டோஸ் 7-ஐயே போட்டுக்கொள்ளலாம் என்று மைக்ரோசாஃப்டே அனுமதி தந்திருந்தது. நானும் இன்னொருவரும் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்து 7-ஐப் போட்டோம். ஒருவர்கூட 8-இன் முகப்புத் திரையைப் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த 30-உம் 8-இன் விற்பனையில்தான் சேர்ந்திருக்கும், இல்லையா?

அதற்கும் முன்னால் ஒரு மென்பொருள் விநியோகஸ்தரிடம் பில் போடும் வேலையில் இருந்தேன். காலாண்டின் கடைசி நாள் வந்தால் கம்பெனி ஆள் சாயங்காலம்வரை மேஜைக்குப் பக்கத்திலேயே நிற்பார், இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள், விற்காவிட்டால் திருப்பிக்கொள்கிறோம் என்பார். கேட்ட கடைக்காரர் ஒருவரும் இருக்க மாட்டார், நான் பில் போடுவேன். அடுத்த காலாண்டில் பாதி ரிட்டர்ன் போகும். விற்றதைச் செய்தியாகச் சொல்வார்கள், திரும்பியதை யாரும் சொல்லிப் பார்த்ததில்லை.

எண் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. எதை எண்ணினார்கள் என்பதுதான் கேள்வி. விற்ற லைசென்ஸ் என்று சொல்லும் எண் ஏறிக்கொண்டேதான் போகும், வாங்கியவர் தூக்கிப் போட்டாலும் குறையாது. விண்டோஸ் 10-க்கு அதே மைக்ரோசாஃப்ட் ஒரு மாதத்துக்குள் உண்மையில் ஓடிய கருவிகளை எண்ணிச் சொன்னது. அப்படி எண்ணியதால்தான் 2018-க்குள் 100 கோடி என்று வைத்த இலக்கை எட்ட முடியாது என்று 2016-இலேயே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அந்தக் கணக்கை நான் நம்புகிறேன்.

உங்கள் நிருபர் இன்னொரு முறை அந்த நிறுவனத்திடம் பேசட்டும். கணினி தயாரிப்பாளருக்கும் கடைக்கும் போனது எத்தனை, கடைசியில் வாங்கியவர் ஆக்டிவேட் செய்தது எத்தனை, ரிட்டர்ன் கழித்ததா கழிக்காததா, இவ்வளவுதான் கேட்க வேண்டியது. பதில் சொல்ல மறுத்தால் அதையும் அதே பக்கத்தில், அதே அளவு தலைப்பில் போடுங்கள்.

இப்படிக்கு,
பல வருட வாசகர்