வராதவனின் மந்திரவாதியைக் கொல்லாதீர்கள்

அன்புள்ள கேம் மாஸ்டர்களே,

ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்து, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டத்தை எங்களுக்காக நடத்துகிறவர்கள் நீங்கள். போன மாதம் ஒரு நாள் காய்ச்சல். ஆட்டத்துக்கு வர முடியாது என்று முன்பே சொல்லிவிட்டேன். அடுத்த முறை போய் உட்கார்ந்தால், ஒன்றரை வருடமாக நான் வளர்த்த மந்திரவாதி செத்துப்போயிருக்கிறான். என் பாத்திரத்தின் விவரத் தாளை வேறொருவர் எடுத்து ஆடினாராம். டிராகனுக்கு நேர் எதிரே கொண்டுபோய் நிறுத்திவிட்டாராம். பகடையை நானே உருட்டிச் செத்திருந்தால் வருத்தமே இல்லை.

1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற இவ்வகை ஆட்டம், ஒரே கேம்பெயினில், அதாவது பல நாள் தொடரும் ஒரே கதையில், நாலு பேர் முதல் ஐம்பது பேர் வரை ஆடலாம் என்றது. அவ்வளவு பேரும் ஒரே நாளில் வந்து சேர்வதெல்லாம் நடக்கிற காரியமா? வந்தவர்களோடு நிலவறைக்குள் இறங்கி, அன்றைக்கே ஊர் திரும்பிவிட்டால், வராதவரின் பாத்திரம் பாட்டுக்கு ஊரில் இருக்கும். நாமோ ஐந்து பேரை வைத்துக்கொண்டு சண்டையின் நடுவில் 'தொடரும்' போடுகிறோம். அடுத்த வாரம் ஒருவர் வராவிட்டால், வாளை ஓங்கியபடி நிற்கும் அவருடைய வீரனை எங்கே ஒளித்துவைப்பது? முடிந்தவரை ஒரு கூடாரத்திலோ சத்திரத்திலோ கொண்டுவந்து ஆட்டத்தை நிறுத்துங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்புறம், வராதவருக்கு அனுபவப் புள்ளி கிடையாது என்கிற தண்டனை. அந்தப் புள்ளி சேர்ந்தால்தான் பாத்திரத்தின் பலம், அதாவது லெவல், ஏறும். அதே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்புக்கு 2014இல் வந்த மாஸ்டர் கையேடே, இப்படிப் போனால் நாளடைவில் லெவல் ஏற்றத்தாழ்வு வரும் என்று ஒத்துக்கொள்கிறது. பின்தங்கியவரைக் காப்பாற்றுவதிலேயே மற்றவர்களின் ஆட்ட வாய்ப்புகள் வீணாகும். தண்டனை யாருக்கு? ஒழுங்காக வந்தவர்களுக்குத்தான். எல்லோருக்கும் ஒரே லெவல் கொடுத்துவிடுங்கள்.

வேறொருவர் ஆடித்தான் ஆக வேண்டுமென்றால் ஆடட்டும். ஆனால் உயிர் போகக்கூடாது. ஒரே முறை பயன்படும் மந்திரச் சுருளில் கைவைக்கக்கூடாது. ஒருவர் இல்லை என்பதற்காக ஆட்டத்தையே தள்ளிவைக்கவும் வேண்டாம். பாதிப் பேருக்கு மேல் வந்தால் ஆடுவோம் என்று முதல் நாளே பேசிவிடலாம்.

சொல்லாமல் கொள்ளாமல் அடிக்கடி காணாமல் போகிறவர்? அதற்கு விதி தேவையில்லை. அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவருடைய பாத்திரத்தைப் பள்ளத்தில் தள்ளாதீர்கள்.

இப்போது எனக்கு ஒரு திருடன். தாளின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்: "நான் வராத நாளில் இவன் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பான்."

இப்படிக்கு,
மந்திரவாதியை இழந்த ஒருவன்