டிசி இன்னும் பீரோவில்தான் இருக்கிறது: எங்கள் ஊர் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவி அக்காவுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பத்தாவது ரிசல்ட் வந்து மூன்று வாரம் ஆகிறது. நம் பள்ளியில் பத்தாவதோடு சரி, பிளஸ் ஒன்னுக்கு வேடசந்தூர்தான் போக வேண்டும். பையன்கள் எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள். நாலு பெண் பிள்ளைகளின் டிசி மட்டும் இன்னும் பள்ளி பீரோவிலேயே கிடக்கிறது. அதில் ஒருத்தி 431 மார்க். இப்போது என் தையற்கடையில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிறாள். கேட்டால், "அப்பா யோசிக்கிறாரு அத்தை" என்கிறாள்.

2003-இல் என் அப்பாவும் இப்படித்தான் யோசித்தார். அப்புறம் ஒருநாள் நூல் மில் ஏஜெண்ட் வந்தார். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு முப்பதாயிரம் மொத்தமாகக் கிடைக்கும் என்றார். சுமங்கலித் திட்டமாம், பேரை மட்டும் மங்களகரமாக வைத்திருந்தார்கள். இரண்டே முக்கால் வருஷத்தில் மஞ்சள் காமாலையோடு வீடு திரும்பினேன். மூன்று வருஷம் முடிக்கவில்லை என்று அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. அப்பாவைத் திட்ட மனசு வரவில்லை. வயசுக்கு வந்த பிள்ளை இருட்டில் ரோட்டில் நடப்பதைவிட காம்பவுண்டுக்குள் இருப்பது பத்திரம் என்று நம்பினார் மனுஷன்.

இன்றைக்கும் அதே பயம்தான். படிப்பு வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் டிக்கெட் காசு கிடையாது, பிளஸ் ஒன்னில் சைக்கிளும் தருகிறார்கள். ஆனால் சாயங்கால பஸ் ஆறரைக்குத்தான் வருகிறது. கிளை ரோட்டில் இறங்கினால் ஒன்றரை கிலோமீட்டர் சீமைக் கருவேலங்காடு, ஒரு விளக்கு இல்லை. மில் வேனோ வாசலுக்கே வந்து ஹாரன் அடிக்கிறது.

பெண் கல்யாணத்துக்கு அரசின் தாலிக்குத் தங்கம் வரும் என்று இன்னும் காத்திருப்பவர்களிடமும் பேசுங்கள். அது 2022-இல் புதுமைப்பெண் திட்டமாக மாறிவிட்டது. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் காலேஜ் போனால் மாதம் 1,000 ரூபாய், அவள் கணக்கிலேயே விழும். வீட்டில் உட்கார்ந்தால் விழாது.

சட்டப்படி உங்கள் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பஸ்ஸை ஐந்தரைக்கு மாற்றச் சொல்லி டெப்போ மேலாளருக்கும், விளக்குக் கேட்டு ஊராட்சிக்கும் தீர்மானம் போடுங்கள். அது நடக்கும்வரை தினமும் கிளை ரோட்டில் டார்ச்சோடு நான் நிற்கிறேன், கடையை ஆறு மணிக்கே பூட்டினால் ஒன்றும் குடி முழுகாது.

அந்த நாலு வீட்டுக்கும் டிசியோடு நேரில் போய் வாருங்கள். முதலில் 431 வீடு. அவள் அப்பா காலையில் எட்டு மணிக்குள்தான் வீட்டில் இருப்பார்.

இப்படிக்கு,
பஸ் ஸ்டாப் தையற்கடைக்காரி