அந்த ஒரு வரியும் என் மாமனாரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில் ஒரு வரி: 'பேட்டரி முழுவதும் தீர்ந்து தானாக அணைந்த பிறகே சார்ஜ் போடுங்கள், ஆயுள் கூடும்.' என் மாமனார் அதைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டார்.

அது நிக்கல்-காட்மியம் என்கிற பழைய வகை பேட்டரிக்குச் சொன்ன வைத்தியம், ஐயா. இப்போது போனிலும் லேப்டாப்பிலும் இருக்கிற லித்தியம் அயனி பேட்டரி கடைக்கு வந்தது 1991-இல். சேதி இன்னும் தங்கள் அலுவலகப் படி ஏறவில்லை போலிருக்கிறது.

நான் 18 வருடமாக போனும் லேப்டாப்பும் பழுதுபார்க்கிறவன். "ஆறு மாசமா பீரோவுலதான் சார் பத்திரமா இருந்துச்சு, இப்ப உயிரே வரல" என்று வராத வாரமில்லை. தீர்ந்துபோன நிலையில் பூட்டி வைத்தால், பேட்டரியின் பாதுகாப்பு சர்க்யூட் குடிக்கிற துளி மின்சாரத்திலேயே செல், அதாவது உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற மின்கலம், இன்னும் இறங்கும். வோல்ட் அளவுக்கு மீறி இறங்கி வெகுநாள் கிடந்தால் உள்ளேயிருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். அதை எழுப்புகிறேன் பேர்வழி என்று சார்ஜ் ஏற்றினால், கரைந்த செம்பு வேறிடத்தில் படிந்து உள்ளுக்குள் ஷார்ட் ஆகலாம். தங்கள் குறிப்பு ஆயுளைக் கூட்டுகிற லட்சணம் இது. எடுத்து வைப்பதென்றால் பாதி சார்ஜில், வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். முழுக்க ஏற்றி, செல்லுக்கு 4.2 வோல்ட்டில் சூடான இடத்தில் போட்டுவைப்பதும் கெடுதல்தான். பேட்டரி உப்பி, டச்பேடைத் தூக்கிக்கொண்டு வருகிற லேப்டாப்புகளைக் கேட்டால் சொல்லும்.

இதையெல்லாம் மாமனாரிடமும் சொன்னேன். "பத்திரிகையில போட்டிருக்காங்களே மாப்பிள்ளை, அவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடப் போகுது?" என்றார். பழுதுபார்த்து வாங்கிய கூலியில்தான் அவர் மகளுக்குக் குடும்பம் நடத்துகிறேன் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை.

தங்களுக்குப் புதிதில்லை இது. போன வருடம் அட்டையில் ஒரு பெண் தலையணைக்கடியில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அழகாகத் தூங்கினாள். சார்ஜ் ஏறுகிற செல்லுக்குச் சூட்டை வெளியே விட இடம் வேண்டும், மெத்தையும் போர்வையும் அதை அடைத்துவிடும் என்று ஒரு பக்கம் எழுதினேன். அட்டைப்படம் அருமை என்று மரியாதைக்கு எழுதிய முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். நன்றி.

மின்சார வண்டியின் பேட்டரி தீப்பிடித்த செய்தி போடும்போதெல்லாம் 'மர்மமான முறையில்' என்று ஒரு சொல் வேறு. என்ன மர்மம்? ஒரு செல் கட்டுமீறிச் சூடாகி, அந்தச் சூட்டில் பக்கத்து செல்லும் பற்றிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் திரவமே எரியக்கூடியது, புகையோ நச்சு. ஜுவாலை அடங்கினாலும் உட்சூடு தணியாததால் மணிக்கணக்கு கழித்தும் மறுபடி பற்றும். அதனால்தான் தீயணைப்பு வீரர்கள் தண்ணீரை அவ்வளவு ஊற்றிக் குளிரவைக்கிறார்கள். வண்டியை வாசற்படியை அடைத்து நிறுத்தி ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடாதீர்கள், பற்றினால் வெளியே ஓட வழி இருக்காது என்று ஒரு வரி சேர்த்திருந்தால் யாருக்காவது உதவியிருக்கும். முனை பொருந்துகிறதே என்று கைக்குக் கிடைத்த சார்ஜரைச் செருகுவதைப் பற்றியும் இதுவரை ஒரு சொல் இல்லை. லித்தியம் அயனியிலேயே இன்னொரு வகையான லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லுக்கு 3.65 வோல்ட்தான் எல்லை. 4.2 வோல்ட் வரை ஏற்றுகிற மற்ற வகையின் சார்ஜரை அதில் மாட்டினால் என்ன ஆகும் என்று எல்லாம் தெரிந்த தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழில், அதே பகுதியில், இரண்டு வரித் திருத்தம். எழுத்தும் அதே அளவில் இருக்கட்டும். பொடி எழுத்தில் போட்டால் மாமனாருக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாது.

இப்படிக்கு,
பழுதுபார்க்கும் மேசையிலிருந்து ஒரு வாசகன்