‘நானோ’ என்று அச்சிட என்ன தயக்கம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வெயில்காலச் சருமப் பராமரிப்பு பற்றிய கட்டுரையில், சன்ஸ்கிரீன் வாங்கும்போது வெயிலிலிருந்து எவ்வளவு பாதுகாப்பு என்பதைக் காட்டும் எஸ்.பி.எஃப். எண்ணைப் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். டப்பாவில் தேடினாலும் கிடைக்காத ஒரு விவரத்தைப் பற்றியும் எழுத வேண்டும்: உள்ளே இருக்கும் துகளின் அளவு.

டைட்டானியம் டை ஆக்சைடும் ஜிங்க் ஆக்சைடும் புற ஊதாக் கதிரைத் தடுப்பவை. துகள் பெரிதாக இருந்தால் முகத்தில் வெள்ளை படியும். நம் மாநிறத்தில் அது பளிச்சென்று தெரியும். 100 நானோமீட்டருக்கும், அதாவது மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே பொடித்தால் (இதைத்தான் ‘நானோ’ அளவு என்கிறார்கள்) வெள்ளை மறைந்துவிடும். அப்படிப்பட்ட கிரீமுக்கு இங்கே கிராக்கி இருப்பது இயல்புதான். ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரிய வேண்டாமா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 ஜூலை முதல், நானோ வடிவில் உள்ள பொருளின் பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் ‘நானோ’ என்று அச்சிடுவது கட்டாயம். இந்த இரண்டு ஆக்சைடுகளையும் 25 சதவீதம் வரை அங்கே அனுமதிக்கிறார்கள். காயமில்லாத தோல் வழியாக இவை உள்ளே இறங்குவதாகத் தெரியவில்லை என்பதே அங்குள்ள அறிவியல் குழுவின் முடிவு. நுரையீரல் விஷயம் வேறு. மூச்சோடு உள்ளே போகக்கூடிய ஸ்பிரே போன்றவற்றில் நானோ வடிவத்துக்கு அனுமதி இல்லை. நானோ தங்கம், வெள்ளி, தாமிரம் போன்றவற்றை அழகுசாதனங்களில் சேர்க்க 2024இல் தடை கொண்டுவந்து, 2025 நவம்பரோடு கடைகளிலிருந்தும் அகற்றச் சொல்லிவிட்டார்கள்.

இங்கே கல்யாணப் பெண்ணுக்கு ‘கோல்டு ஃபேஷியல்’ செய்யாத பார்லர் அபூர்வம். அந்த கிரீமில் தங்கம் இருக்கிறதா, இருந்தால் எந்த அளவுத் துகள் என்று பார்லர்காரருக்கே தெரிய வழியில்லை. நம் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள் உட்பொருள்களை வரிசையாக அச்சிடச் சொல்கின்றன. துகள் நானோ அளவா என்று சொல்லச் சொல்வதில்லை. இங்கிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் நிறுவனம் அங்கே போகும் டப்பாவில் அந்த ஒரு சொல்லைப் போட்டே ஆக வேண்டும். உள்ளூர் டப்பாவிலும் போட எத்தனை பைசா கூடிவிடும்?

தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. மத்திய சுகாதார அமைச்சகம் விதியைத் திருத்தி அந்தச் சொல்லைக் கட்டாயமாக்கட்டும். அதுவரை, உற்பத்தி உரிமம் வழங்கும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை துகள் அளவு விவரத்தையாவது நிறுவனங்களிடம் கேட்டு வாங்கட்டும். குழந்தைகளுக்கான பவுடர்களிலும் ஸ்பிரேக்களிலும் முதலில் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி